சிறு கச்சேரிக்கு எத்தனை வாட்? டர்பன் பேஸ் கிட்டார் கலைஞர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு குழுவில் புதிதாகச் சேர்ந்த பேஸ் கிட்டார் கலைஞர் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: எத்தனை வாட் ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) வாங்கலாம்? கடைக்காரர் 500 என்பார். கீபோர்டு வாசிக்கும் நண்பர் 100 போதும் என்பார். உங்கள் குழுவில் தாளம் வாசிப்பவர் யார், எந்தக் கருவியில் வாசிக்கிறார் என்று இருவருமே கேட்கமாட்டார்கள். அது தெரியாமல் வாட் கணக்குப் பேசுவது வீண் வேலை. சிறு கச்சேரியில் உங்கள் ஆம்பின் அளவை முடிவு செய்வது மண்டபத்தின் நீள அகலமல்ல, பக்கத்தில் இருக்கும் தாளக்கருவியின் சத்தம். கூட்டத்துக்கு ஒலி கொண்டுபோவது மண்டபத்து ஸ்பீக்கர்களின் வேலை. உங்கள் ஆம்ப் உங்களுக்கும் உங்கள் குழுவுக்கும் கேட்டால் போதும்.

இது ஆரம்பத்திலிருந்தே இப்படி இருக்கவில்லை. ஃபெண்டர் நிறுவனம் 1951இல் மின் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்து, மறு ஆண்டே அதற்கென்று ஓர் ஆம்பையும் வெளியிட்டது. ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர், சுமார் 26 வாட். நடன அரங்குகளுக்கு அது போதுமாக இருந்தது. 1969இல் ஆம்பெக் நிறுவனம் 300 வாட் வால்வு ஆம்பைக் கொண்டுவந்தது. அதன் தலைப்பெட்டி (ஸ்பீக்கர் சேராத ஆம்ப் பகுதி) மட்டுமே 35 கிலோவுக்கு மேல் எடை. அக்காலத்து அரங்க ஸ்பீக்கர்கள் பாடகரின் குரலைத் தாங்குவதற்கே திணறியதால், பேஸ் தன் சத்தத்தைத் தானே சுமக்க வேண்டியிருந்தது. இன்று நடுத்தரமான வாடகை ஒலி அமைப்பிலேயே சப்வூஃபர் (கனத்த அடி ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) வந்துவிடுகிறது. ஆனாலும் பழைய பெரிய பெட்டிகளின் மேல் உள்ள மோகம் மட்டும் குறையவில்லை. படிக்கட்டில் அவற்றைத் தூக்கிச் சென்ற முதுகுகளைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

முதல் படி: கச்சேரியைத் தெரிந்துகொள்ளுங்கள்

அழைப்பு வந்ததும் மூன்று விவரங்களைக் கேட்டு வாங்குங்கள். தாளம் எதில்? ஒலி அமைப்பு யாருடையது, அதில் சப்வூஃபர் உண்டா? கச்சேரி உள்ளேயா, வெளியேயா?

தாளக் கேள்விதான் முக்கியம். நம் மெல்லிசைக் குழுக்கள் பலவற்றில் ஆக்டபேட் (குச்சியால் தட்டும் மின்னணுத் தாளக்கருவி) வந்துவிட்டது. ஆக்டபேட் மேடையில் சத்தமே எழுப்பாது. குச்சி ரப்பரில் படும் ஒலி மட்டும்தான் கேட்கும், மற்றதெல்லாம் மிக்சர் (எல்லா ஒலிகளையும் கலந்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் கருவி) வழியாகப் போகும். அப்படிப்பட்ட மேடையில் நீங்கள் 500 வாட்டைத் திறந்தால் பாடகிக்குத் தன் சுருதியே கேட்காது. முழு டிரம் செட் என்றால் கதை வேறு. நடுத்தரமாக அடிக்கும் டிரம்மரே ஒரு மீட்டர் தொலைவில் 100 டெசிபலை (சத்தத்தை அளக்கும் அலகு) எளிதில் தாண்டுவார். அவரோடு நின்று உங்கள் சுரங்கள் தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் ஆம்பில் நல்ல இருப்பு, அதாவது கைவசம் மிச்ச ஆற்றல், வேண்டும். பஜனைக் குழுவின் டோலக்கும் ஜால்ராவும் இந்த இரண்டுக்கும் நடுவில். ஜால்ரா காதைத் துளைத்தாலும் அதன் ஒலி மிக மேல் ஸ்தாயியில் இருப்பதால் பேஸோடு மோதாது. டோலக்கின் இடதுகைப் பக்கம்தான் உங்கள் இடத்துக்கு வரும்.

நமக்கு வழக்கமாக வரும் இடங்கள் நான்கு வகை. கல்யாணத்துக்கு முந்தைய நலுங்கு, வீட்டு முற்றத்தில் போட்ட கூடாரத்தில். கோயில் மண்டபத்தில் காவடி, புரட்டாசிக் காலத்து இசை நிகழ்ச்சி. உணவகத்திலோ ஹோட்டலிலோ மூன்று பேர் வாசிக்கும் மாலை. பிறகு சமூகக் கூடத்தில் நடக்கும் கல்யாண வரவேற்பு. இவற்றில் மிகக் கடினமானது எது என்றால் பலரும் வரவேற்பு என்பார்கள். என் கணிப்பில் அது நலுங்குதான். திறந்தவெளியில் தாழ்ந்த ஒலி (பேஸின் கனத்த அடி ஒலி) நிற்பதே இல்லை. கூடாரத்துத் துணி அதைத் தடுக்காது, திருப்பியும் அனுப்பாது. சுவருள்ள மண்டபத்தில் இலவசமாகக் கிடைக்கும் கனம் முற்றத்தில் கிடைக்காது. அதே சமயம் பக்கத்து வீட்டின் படுக்கையறை பத்தடி தள்ளி இருக்கும். மேடையில் கேட்காது, அயலாருக்கு மட்டும் கேட்கும் என்ற விசித்திர நிலை அங்கேதான் வரும்.

இரண்டாம் படி: வாட் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

வாட் இரட்டித்தால் சத்தம் இரட்டிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. அது உண்மையல்ல. வாட் இரட்டித்தால் ஏறுவது 3 டெசிபல் மட்டுமே. கவனித்துக் கேட்டால் தெரியும், பேச்சு நடுவில் தெரியாது. காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் ஏற வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. 100 வாட் ஆம்பைக் கொடுத்துவிட்டு 200 வாட் வாங்கினால் வித்தியாசம் மிகச் சிறிது. 500 வாட்டுக்குப் போனாலும் ஏறுவது 7 டெசிபல்தான்.

அப்படியென்றால் ஏன் பெரிய எண் வேண்டும்? சராசரிச் சத்தத்துக்கு அல்ல, திடீரென எழும் உச்சத்துக்கு. விரலால் தந்தியை இழுத்துவிடும் அந்தக் கணத்தில் ஒலி சராசரியைவிட 10 டெசிபல், சில சமயம் அதற்கும் மேல் எகிறும். உங்கள் சராசரி 30 வாட்டில் ஓடுகிறது என்றால் அந்த உச்சத்துக்கு 300 வாட் வேண்டும். அது ஆம்பில் இல்லையென்றால் ஒலியின் தலை வெட்டப்படும். சுரம் மழுங்கி, புர்ரென்று கேட்கும். கட்டைவிரலால் அறைந்து வாசிப்பவருக்கு இந்த இருப்பு இன்னும் கூடுதலாக வேண்டும்.

இன்னொரு காரணம் காது. தாழ்ந்த ஒலிகளை நம் காது மந்தமாகவே உணர்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். நான்கு தந்தி பேஸின் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 41 முறை, அதிர்கிறது, ஐந்தாம் தந்தி 31 ஹெர்ட்ஸில். கிட்டார்க்காரர் 30 வாட்டில் மேடையை நிரப்ப, உங்களுக்கு அதைப் போலப் பல மடங்கு தேவைப்படுவது இதனால்தான். அவர் உங்கள் ஆம்பைப் பார்த்துச் சிரித்தால் இதைச் சொல்லுங்கள்.

பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பும் முன் ஒரு எச்சரிக்கை. "உச்சம் 1000 வாட்" என்று எழுதியிருப்பது தொடர்ந்து தரும் ஆற்றல் அல்ல. தொடர் ஆற்றல் அதில் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இருக்கும். ஒரு கருவியின் உச்சத்தை இன்னொன்றின் தொடர் ஆற்றலோடு ஒப்பிட்டுவிடாதீர்கள். எத்தனை ஓமில் (ஸ்பீக்கரின் மின்தடையை அளக்கும் அலகு) அந்த வாட் என்பதையும் கேளுங்கள்.

மூன்றாம் படி: ஸ்பீக்கரும் ஓமும்

வாட்டைப் பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் ஸ்பீக்கரின் உணர்திறனைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் காசு மிச்சமாகும் இடம் அதுதான். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் கிடைக்கிறது என்பதே உணர்திறன். ஒரு ஸ்பீக்கர் பெட்டி 94, இன்னொன்று 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு டெசிபல் வித்தியாசம். முதல் பெட்டியில் 400 வாட் போட்டால் வரும் சத்தம் இரண்டாவதில் 100 வாட்டுக்கே வந்துவிடும். கடையில் இந்த எண்ணைக் கேட்டால் சிலர் விழிப்பார்கள். தயாரிப்பாளரின் விவரத்தாளைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

சிறிய பெட்டி, தாழ்ந்த ஒலி, அதிக உணர்திறன் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது. எந்த இரண்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட்டுவிட வேண்டும். கைக்கடக்கமான பெட்டியில் அடியதிரும் பேஸ் வருகிறது என்று விளம்பரம் சொன்னால், அது வாட்டை விழுங்கும் பெட்டி என்று அர்த்தம். சிறு கச்சேரிக்கு நான் விட்டுக்கொடுப்பது மிகத் தாழ்ந்த ஒலியை. 41 ஹெர்ட்ஸ் தந்தியை வாசிக்கும்போது பெரும்பாலும் நம் காதில் விழுவது அதன் இரண்டாம் இசைவான 82 ஹெர்ட்ஸும் அதற்கு மேற்பட்டவையும்தான். அடிச்சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்கிறது.

ஸ்பீக்கரின் விட்டத்தை வைத்துச் சண்டை போடுவது நம்மவர்களுக்கு விருப்பமான பொழுதுபோக்கு. பத்து அங்குலம் சுறுசுறுப்பு, பதினைந்து கனம் என்பார்கள். விட்டத்தைவிடப் பெட்டியின் வடிவமைப்பே ஒலியைத் தீர்மானிக்கிறது என்பதால் அதில் நேரம் செலவிட வேண்டாம். நல்ல 12 அங்குலம் ஒன்று, அல்லது 10 அங்குலம் இரண்டு. அதோடு விட்டுவிடுங்கள்.

இனி ஓம். இதைப் பொறுமையாகப் படியுங்கள், தவறினால் ஆம்ப் கருகும். டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்று 4 ஓமில் 500 வாட் தரும் என்றால், 8 ஓம் பெட்டி ஒன்றைப் பூட்டும்போது கிடைப்பது 250 முதல் 300 வாட். இரண்டு 8 ஓம் பெட்டிகளை இணையாகப் பூட்டினால் மொத்தம் 4 ஓம் ஆகும், அப்போதுதான் 500 வாட் முழுமையாக வரும். ஆற்றலும் கூடி, காற்றைத் தள்ளும் பரப்பும் இரட்டிப்பதால் தாழ்ந்த ஒலியில் ஏறத்தாழ 5, 6 டெசிபல் ஏறும். வாட்டை மட்டும் இரட்டிப்பதைவிட இது பெரிய லாபம். ஆனால் இரண்டு 4 ஓம் பெட்டிகளைப் பூட்டினால் 2 ஓம் ஆகிவிடும். பெரும்பாலான ஆம்ப்கள் அதைத் தாங்காது. பின்பக்கத்தில் குறைந்தபட்சம் எத்தனை ஓம் என்று அச்சிட்டிருப்பார்கள், அதற்குக் கீழே போகவே போகாதீர்கள். முதல் பெட்டி வாங்கும்போது 8 ஓம் வாங்குங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். பின்னால் ஜோடி சேர்க்க வழி இருக்கும்.

ஹெட்டையும் (தலைப்பெட்டி) ஸ்பீக்கர் பெட்டியையும் இணைக்கும் கேபிள் தடித்த ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும். கிட்டாரிலிருந்து ஆம்புக்குப் போகும் மெல்லிய கேபிளும் பார்வைக்கு அதே மாதிரி முனை கொண்டிருக்கும். அதை இங்கே போட்டால் சூடேறி உருகும். திருகிப் பூட்டும் ஸ்பீக்கான் முனை இருந்தால் இந்தக் குழப்பமே வராது.

நான்காம் படி: உங்கள் அளவைத் தேர்ந்தெடுங்கள்

வீட்டுப் பயிற்சிக்கும் ஆர்மோனியம், டோலக் கொண்ட பஜனைக்கும் 10 அங்குல ஸ்பீக்கரோடு 40 வாட் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) போதும். ஃபெண்டர் ரம்பிள் வரிசையின் 40 வாட் காம்போ எட்டுக் கிலோ சொச்சம், ஒரு கையில் தூக்கலாம்.

உணவக மாலைக்கு 100 வாட், 12 அங்குலம். மேசைகள் இரண்டு மீட்டரில் இருக்கும். அங்கே உங்கள் கவலை சத்தம் போதாதது அல்ல, கூடிவிடுவதுதான். "தம்பி, மேசையில் தண்ணீர் நடுங்குகிறது, கொஞ்சம் குறையுங்கள்" என்று யாராவது வந்து நிற்பார்கள். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

கோயில் மண்டபத்திலும் சமூகக் கூடத்திலும் டிரம் செட்டோடு வாசிக்க 200 முதல் 300 வாட், நல்ல பெட்டி ஒன்று. மண்டப ஒலி அமைப்பில் சப்வூஃபர் இருந்தால் இதற்கு மேல் தேவையே இல்லை. முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தாலும் அவர்களுக்குக் கேட்பது மிக்சர் வழியாகப் போகும் ஒலிதான்.

சப்வூஃபர் இல்லாமல், கம்பத்தில் ஏற்றிய இரண்டு ஸ்பீக்கர்களோடு டிரம் செட் இருக்கும் வரவேற்பென்றால் 500 வாட்டும் இரண்டு 8 ஓம் பெட்டிகளும் எடுத்துச் செல்லுங்கள். கம்பத்து ஸ்பீக்கர்களுக்குள் பேஸை அனுப்பினால் பாடகரின் குரலும் சேர்ந்து நசுங்கும். முற்றத்து நலுங்குக்கும் இதே ஏற்பாடுதான். சத்தத்துக்காக அல்ல, சுவரில்லாத குறையை ஈடுகட்ட.

ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்பவருக்கு என் பரிந்துரை: 4 ஓமில் 500 வாட் தரும் டி வகுப்பு (எடை குறைந்த நவீன வகை) ஹெட் ஒன்று, 8 ஓமில் 12 அங்குலப் பெட்டி ஒன்று. டி வகுப்பு ஹெட்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று கிலோதான். தோள்பையில் போட்டுக்கொள்ளலாம். மேற்சொன்ன நான்கில் மூன்றை இதை வைத்தே நடத்தலாம். நான்காவது வரும்போது இரண்டாம் பெட்டியை வாங்குங்கள், அல்லது நண்பரிடம் கேளுங்கள். டர்பனில் இசைக்குழுக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொந்தம் அல்லது அண்டை வீடு, பெட்டி கிடைக்காமல் போகாது.

ஆம்பே வாங்காமல் ஒரு ப்ரீஆம்ப் பெடலும் (பேஸின் ஒலியைத் தயார்செய்யும் சிறு கால்பெட்டி) உள்ளேயே ஆம்ப் கொண்ட ஒரு 12 அங்குல ஸ்பீக்கரும் வைத்து நடத்தும் இளைஞர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். மோசமான வழியல்ல. கீபோர்டுக்கும் அதே ஸ்பீக்கர் உதவும். ஆனால் ஒலியின் தலை வெட்டப்படுவதை அதனுள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று மறைத்துவிடும். திடீரென்று உங்கள் தாக்கம் காணாமல் போயிருக்கும், ஏன் என்று தெரியாது.

ஐந்தாம் படி: மண்டபத்தில் எங்கே வைப்பது

சுவருக்கு அருகில் வைத்தால் தாழ்ந்த ஒலி கூடும், மூலையில் வைத்தால் மேலும் கூடும். முற்றத்தில் வீட்டுச் சுவரை ஒட்டிப் பெட்டியைத் தரையில் வைப்பது காசில்லாமல் ஆற்றலை இரட்டிப்பதற்குச் சமம். ஓடு பதித்த தரையும் தகரக் கூரையும் உள்ள மண்டபத்தில் அதையே செய்தால் ஒரே இரைச்சல்.

ஒவ்வொரு மண்டபத்திலும் ஏதோ ஒரு சுரம் மட்டும் வீங்கிக் கேட்கும். இதற்குக் கணக்கு உண்டு. ஒலி ஒரு வினாடியில் சுமார் 343 மீட்டர் போகிறது. மண்டபத்தின் அகலம் 7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 343ஐ 7ஆல் வகுத்தால் 49. தடித்த தந்தியில் மூன்றாம் கட்டையில் (ஃப்ரெட்டில்) வரும் ஜி சுரம் சரியாக 49 ஹெர்ட்ஸ். ஆக, அந்தச் சுரத்தின் முழு அலை ஒன்று இரு சுவர்களுக்கு நடுவில் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. நீங்கள் மெதுவாக வாசித்தாலும் அந்த ஒரு சுரம் எழும்பி நிற்கும். பின்வரிசையில் சமையல் அண்டாவின் மூடி அந்தச் சுரத்துக்கு மட்டும் கிணுகிணுக்கும். பெட்டி பக்கச் சுவரை ஒட்டியோ நட்ட நடுவிலோ இருந்தால் இது மிக மோசமாகக் கேட்கும். பக்கச் சுவரிலிருந்து அகலத்தின் கால் பங்கு, அதாவது 1.75 மீட்டர் தள்ளி வையுங்கள். அந்த இடத்தில் அந்த அலைக்கு அழுத்தமே இல்லாததால் பெட்டியால் அதைத் தூண்ட முடியாது. அரை நிமிட வேலை. ஆயிரம் வாட்டாலும் இதைச் சரிசெய்ய முடியாது, மோசமாக்கத்தான் முடியும்.

அடியில் வெற்றிடமுள்ள பலகை மேடை வேறு வகைத் தொல்லை. மேடையே ஒரு பெரிய டிரம் போல அதிரும். பெட்டியின் அடியில் தடித்த நுரை மெத்தையோ, இல்லாவிட்டால் உறுதியான நாற்காலியோ வையுங்கள். நாற்காலியில் வைப்பதால் இன்னொரு பயனும் உண்டு. பேஸின் தெளிவைத் தரும் நடு ஒலி நேர்கோட்டில் போகும். தரையில் இருக்கும் பெட்டி அதை உங்கள் கெண்டைக்காலுக்கு அனுப்புகிறது. உங்களுக்குக் கேட்கவில்லை என்று நீங்கள் கூட்ட, முன்வரிசை மாமி காதைப் பொத்திக்கொள்வார். பெட்டியைக் காது உயரத்துக்கு ஏற்றுங்கள், அல்லது பின்பக்கம் சாய்த்து முகத்தை நோக்கித் திருப்புங்கள். அதன் பிறகு பாருங்கள், பாதி வாட்டில் வேலை முடிந்துவிடும்.

ஆறாம் படி: குமிழ்களை அமைப்பது

மாஸ்டரை (மொத்தச் சத்தத்தின் குமிழ்) சுழியத்தில் வையுங்கள். ஈக்யூ குமிழ்கள் (தாழ்ந்த, நடு, உச்ச ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைப்பவை) எல்லாம் நடுவில். இப்போது தடித்த தந்தியில், அன்று மாலையின் மிக ஆவேசமான பாட்டுக்கு எப்படி அடிப்பீர்களோ அப்படி அடியுங்கள். தயங்கித் தயங்கி அடிப்பது பயனில்லை, கச்சேரியின்போது கை தானாகக் கனக்கும். அடித்துக்கொண்டே கெயினை (பேஸிலிருந்து உள்ளே வரும் ஒலியைக் கூட்டும் குமிழ்) ஏற்றுங்கள். சிவப்பு விளக்கு கண் சிமிட்டத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, சிறிது பின்னால் திருப்புங்கள். விளக்கு அணைந்தே இருக்க வேண்டும், மிகப் பலமாக அடித்தால் மட்டும் ஒருமுறை மினுங்கலாம். பேட்டரி உள்ள ஆக்டிவ் பேஸ் என்றால் கெயின் குமிழ் வெகுதூரம் போகாது, கவலை வேண்டாம். இனி மாஸ்டரை டிரம்மரோடு சேர்ந்து வாசித்துக்கொண்டே ஏற்றுங்கள். தனியாக வாசித்து வைக்கும் அளவு எப்போதும் தவறாகவே இருக்கும்.

பேஸ் குமிழை 6 டெசிபல் ஏற்றினால் அந்தத் தாழ்ந்த பகுதியில் நான்கு மடங்கு வாட் கேட்கிறீர்கள் என்று பொருள். 300 வாட் ஆம்ப் அப்போது அங்கே 75 வாட் ஆம்பாகிவிடும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது தாழ்ந்ததையும் உச்சத்தையும் ஏற்றி நடுவைக் குறைத்தால் ஒலி அழகாகத்தான் இருக்கும். மேடையில் அது காணாமல் போகும். 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான நடுப்பகுதியில்தான் சுரத்தின் அடையாளம் இருக்கிறது. இந்த மண்ணின் பேஸ் மரபே அதற்குச் சாட்சி. டர்பனின் கேட்டோ மேனரில் வளர்ந்த சிஃபோ குமேடே, கட்டையில்லாத பேஸில் பாடவைக்கும் பாக்கிட்டி குமாலோ ஆகியோரைக் கேளுங்கள். தென்னாப்பிரிக்க நகர்ப்புற நடன இசையான முபகாங்காவிலும் ஜூலு நாட்டுப்புற இசையான மஸ்கண்டியிலும் பேஸ் பின்னால் முனகுவதில்லை, முன்னால் நின்று பேசுகிறது. கேட்கவில்லை என்று தோன்றும்போது கை மாஸ்டருக்குப் போகும் முன் நடுக்குமிழுக்குப் போகட்டும்.

ஹைபாஸ் ஃபில்டர் (ஓர் அளவுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டிவிடுவது) இருந்தால் 35, 40 ஹெர்ட்ஸில் வையுங்கள். சிறு பெட்டியால் எப்படியும் தர முடியாத ஒலிக்காக ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு வீணாக முன்னும் பின்னும் துள்ளுவது நின்றுவிடும். ஆற்றல் மிச்சம், ஸ்பீக்கரும் பிழைக்கும்.

மிக்சருக்கு அனுப்ப ஆம்பின் பின்னால் டி.ஐ. வெளியீடு இருக்கும். அதன் அருகில் உள்ள பொத்தானை ஈக்யூவுக்கு முந்தைய நிலையில் வைத்துவிடுங்கள். நீங்கள் மேடையில் குமிழைத் திருகுவதெல்லாம் மண்டபத்துக்குப் போனால் மிக்சரைக் கையாள்பவர் உங்களைச் சபிப்பார். உறுமல் கேட்டால் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள். பிளக்கில் எர்த் முள்ளை எடுத்துவிட்டு உறுமலை நிறுத்துகிறேன் என்று ஒருவர் வந்தால் அவரை மேடைக்கு அருகில் விடாதீர்கள். உங்கள் கை தந்தியிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது அந்த முள்தான் உங்கள் உயிரைக் காப்பது.

ஒலி சரிபார்க்கும்போது பேஸை வேறொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, கூட்டம் உட்காரும் இடம் வரை நடந்து பாருங்கள். மூன்றாவது மேசையில், கடைசி வரிசையில், சுவரோரத்தில் என்று நின்று கேளுங்கள். மண்டபம் காலியாக இருக்கும்போது எதிரொலி அதிகம். மக்கள் வந்து உட்கார்ந்ததும் மேல் ஸ்தாயி கொஞ்சம் மங்கும், தாழ்ந்த ஒலி அப்படியே இருக்கும். அதனால் காலி மண்டபத்தில் பேஸ் சற்றே குறைவாகத் தோன்றினால் விட்டுவிடுங்கள்.

காதைப் பற்றி ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்கத் தொழிலிடச் சட்டம் சத்தத்துக்கு வைத்திருக்கும் வரம்பு 85 டெசிபல், அதுவும் எட்டு மணி நேரத்துக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகும் என்று கணக்கு வைத்தால், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். டிரம்மரின் சிம்பலுக்குப் பக்கத்தில் நிற்பவர் காதடைப்பான் வைத்துக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை.

ஏழாம் படி: மின்சாரம்

நம் நாட்டில் இதைத் தனிப் படியாக வைத்தே ஆக வேண்டும். சுழற்சி மின்வெட்டு 2023இல் உச்சத்துக்குப் போய், 2024 மார்ச்சுக்குப் பின் பெருமளவு ஓய்ந்துவிட்டது. ஆனால் கேபிள் திருட்டாலும் துணைமின் நிலையக் கோளாறாலும் வரும் தடைகள் ஓயவில்லை. அட்டவணை இல்லாமல் வருவதால் இவை இன்னும் தொல்லை.

மின்சாரம் போனதும் ஆம்பை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். திரும்பி வரும் நொடியில்தான் மின்னழுத்தம் எகிறும். கல்யாண வீட்டு ஜெனரேட்டரில் ஓடும்போது உணவு சூடாக்கும் அடுப்பும் உங்கள் ஆம்பும் ஒரே இணைப்பில் இருந்தால் ஒவ்வொரு முறை அடுப்பு எரியும்போதும் பேஸ் மூச்சு வாங்கும். இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரோ சுத்தமான சைன் அலை தரும் பேட்டரிப் பெட்டியோ கிடைத்தால் ஒலிக்கருவிகளுக்கு அதைத் தனியாக ஒதுக்கச் சொல்லுங்கள். 500 வாட் டி வகுப்பு ஆம்ப் கச்சேரியில் சராசரியாக இழுப்பது அதில் ஒரு பகுதிதான், பெரும்பாலும் நூறு வாட் அளவு. ஆகவே நடுத்தரப் பேட்டரிப் பெட்டியே சில மணி நேரம் தாங்கும். உச்சம் வரும்போது துவளாத அளவு இருப்பு மட்டும் வேண்டும்.

நீட்டிப்புக் கம்பியை உருளையிலிருந்து முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள், சுற்றிய நிலையில் சூடேறும். எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுந்தால் அதை மறுபடி மறுபடி தூக்கிவிட்டுப் பார்க்காமல், கருவிகளை ஒவ்வொன்றாகப் பூட்டிக் குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்ப் என்றால் பின்பக்கம் 230 வோல்ட்டுக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்காமல் பிளக்கில் செருகாதீர்கள். அமெரிக்காவின் 120 வோல்ட் கருவி இங்கே ஒரே நொடியில் புகையாகும்.

பழைய ஆம்ப் வாங்குவதென்றால்

டர்பனின் கடற்காற்று இரும்பைத் தின்னும். பழைய பெட்டி வாங்கும்போது முன் வலையைக் கழற்றி ஸ்பீக்கரின் சட்டத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். விரல்களை விரித்துக் காகிதக் கூம்பின் ஓரத்தில் வைத்து மெல்ல உள்ளே அழுத்துங்கள். உரசல் கேட்டால் சுருள் வளைந்திருக்கிறது, வாங்க வேண்டாம். குமிழ்களைத் திருகும்போது கரகரத்தால் அது பெரிய குறையல்ல, சுத்தம் செய்யும் திரவம் தெளித்தால் போய்விடும், விலையைக் குறைக்க அதைக் காரணம் காட்டலாம். உங்கள் பேஸையே எடுத்துப் போங்கள். ஆம்பை இருபது நிமிடமாவது பலமாக ஓடவிட்டு, பிறகு தடித்த தந்தியில் கீழிருந்து மேலாக ஒவ்வொரு கட்டையாக நிதானமாக வாசியுங்கள். ஏதாவது ஒரு சுரத்தில் மட்டும் பெட்டி கடகடத்தால் உள்ளே திருகு தளர்ந்திருக்கலாம், பலகை ஒட்டு விட்டிருக்கலாம். கையால் பெட்டியின் பக்கங்களை அழுத்திக்கொண்டே அதே சுரத்தை மறுபடி வாசித்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். விற்பவர் "அந்தச் சுரம் இந்த அறையில் மட்டும்தான் அப்படிக் கேட்கும்" என்று சொன்னால், பெட்டியை முற்றத்துக்கு இழுத்துவந்து அங்கே ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.